ஆங்கிலக் கிராமத்தின் பொது இல்லம்

யாழ்ப்பாணத்தார் நாவில் வழங்கும் ‘தவறணை’ என்னும் சொல், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ‘தவேர்ணா’ என்பதன் திரிபாகும். அதன் மூலமாகிய இலத்தீன்மொழிச் சொல்லினின்றே ஆங்கிலேயரின் ‘தாவேண்’ என்பதும் பிறந்தது. ஆயினும், ஆங்கில நாட்டுக் கிராமங்களில் இன்று ‘பப்’ என வழங்கும் பொது இல்லம் அந்தத் தாவேணின் நேர்வழித் தோன்றலன்று.

முற்காலத்தே அந்நாட்டில் மூவகை இல்லங்கள் இருந்தன. வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும், அவர்தம் குதிரைக்குத் தீனியும் அளித்தது சத்திரம். நகரத்துச் செல்வர்க்குத் திராட்சை மது விற்றது தாவேண். ஏழைக் குடியானவன் நாடிச் சென்றதோ ‘ஏல்’ என்னும் வாற்கோதுமை மது விற்கும் இல்லம். 1577ஆம் ஆண்டில், வரி விதிக்கும் நோக்கத்துடன் பல மாவட்டங்களில் எடுக்கப்பட்ட கணக்கில், ஏல் இல்லங்கள் ஏறத்தாழ 14,000. சத்திரங்களோ 1,600 அளவே. தாவேண்கள் சில நூறு மாத்திரமே.

ஏல் இல்லம் என்பது பெரும்பாலும் ஒரு குடிசையின் முன்னறைதான். வீட்டுப்பெண் முளைகட்டிய வாற்கோதுமையைக் கொண்டு மது வடிப்பாள். வடித்ததும் வாயிலில் ஒரு கழியை நாட்டி, அதன் நுனியில் இலைக்கொத்தொன்றைக் கட்டித் தொங்கவிடுவாள். வேறு பிழைப்பற்ற கைம்பெண்கள் பலருக்கு இத்தொழிலே கைகொடுத்தது. வாசலிற் பெயர்ப்பலகை தூக்கும் வழக்கத்தை இரண்டாம் றிச்சாட் மன்னன் 1393இல் ஆணையாக்கினான். எழுத்தறியாதார் படத்தைக் கண்டே கடையை அறிந்தனராதலின், அம்மன்னனின் சின்னமாகிய வெண்மான் இன்றும் எத்தனையோ பலகைகளில் நின்று நோக்குகின்றது.

உண்பதற்கு அங்கே என்ன கிடைத்தது? பாணும் பாற்கட்டியும், சிலவேளை உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டும். அவ்வளவே. குறித்த வேளையிற் பலரும் ஒரே மேசையில் அமர்ந்து, குறித்த விலைக்கு வயிறார உண்ணும் முறை சத்திரத்துக்கே உரியது. 1784இல் தபால் வண்டிகள் ஓடத் தொடங்கியபின் பெருவீதிச் சத்திரங்கள் செழித்தன. புகையிரதம் வந்தபின் அவற்றுட் பல வெறிச்சோடின.

ஏல் புளித்துவிடும் தன்மையது. ஆகவே வடித்த இடத்திலேயே அது விலைபோக வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பக்கத்திலிருந்து ‘ஹொப்’ என்னும் கொடியின் பூ வந்தது. அது சேர்ந்த பியர் நெடுநாள் கெடாதிருந்தது. கெடாத பண்டத்தை ஓரிடத்திற் பெருவாரியாக வடித்துப் பலவிடங்களுக்கு அனுப்பலாம். இவ்வாறு வடிக்கும் தொழில் வீட்டுப்பெண்ணின் கையினின்று நழுவிப் பெருமுதலாளிகளிடம் சென்றது. பிற்காலத்தில் இல்லங்களையே அவர்கள் விலைக்கு வாங்கித் தமது பியரை மாத்திரமே விற்கச் செய்தனர்.

அரசும் வாளாவிருக்கவில்லை. சமாதான நீதவான்களின் அனுமதியின்றி எவரும் ஏல் இல்லம் நடத்தலாகாதென 1552இற் சட்டம் பிறந்தது. சாராய வகையாகிய ‘ஜின்’ 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஏழைகளைச் சீரழித்தமையின், அதனினும் பியர் நலமென்னும் எண்ணம் வேரூன்றிற்று. 1830இற் பாராளுமன்றம் கதவை அகலத் திறந்துவிட்டது: வரி செலுத்தும் எவனும் இரண்டு கினி கட்டி, நீதவானைக் கேளாமலே பியர் விற்கலாம். ஓராண்டு நிறையுமுன் 20,000க்கும் மேற்பட்ட புதிய கடைகள் முளைத்தன. நோயை மருந்தால் தீர்க்கப்போய் மருந்தையே நோயாக்கிய கதை இது. கதவை மீண்டும் சாத்த 1869 வரை செல்லவேண்டியதாயிற்று.

இவ்வில்லங்களிற் கூலி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கூலியைப் பெறுமிடமும் அதைத் தொலைக்குமிடமும் ஒன்றாயிருப்பின், வீட்டிற் காத்திருக்கும் மனைவிக்கு எஞ்சுவது யாதென்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1883இலேதான் இவ்வழக்கத்தைச் சட்டம் பொதுவாகத் தடைசெய்தது.

முதல் உலகப் போரின்போது விற்பனை நேரம் குறைக்கப்பட்டது. பிற்பகலிற் கதவடைக்கும் விதி 1988 வரை நீடித்தது. வெடிமருந்துத் தொழிலாளர் நிறைந்த காலைல் பகுதியில், 1916 முதல் அரசே இல்லங்களை வாங்கி நடத்திற்று. மது மிகுதியாக விற்றால் மிகுதியான ஊதியம் என்னும் ஆசை அங்குள்ள முகாமையாளருக்கு இல்லாதவாறு செய்து, உணவுக்கு முதன்மை அளித்தனர். உண்பவன் அளவாகக் குடிப்பான் என்பதே அம்முயற்சியின் அடிப்படை. 1970களின் தொடக்கத்தில் அவை தனியாரிடம் விடப்பட்டன.

நாட்டுப்புற இல்லங்களில் இன்று பெயர்பெற்ற உணவொன்று ‘உழவன் பகலுணவு’. பாண், பாற்கட்டி, வினாகிரியில் ஊறிய வெங்காயம் ஆகியன ஒரு தட்டில் வரும். தொன்றுதொட்டு வந்த மரபென உண்போர் மகிழ்வர். பாணும் பாற்கட்டியும் பழையனவே. ஆனால் அப்பெயரைப் பரப்பியது விளம்பரம். 1954இற் பாற்கட்டிப் பங்கீடு ஒழிந்தபின், அதன் விற்பனையைப் பெருக்க முயன்ற வணிக அமைப்புகளே அதைப் பட்டியலில் ஏற்றின. உழவர் தொகை அருகியபின்னரே உழவன் பெயரால் உணவு புகழ்பெற்றது!

1967இல், வாகனம் செலுத்துவோரின் மூச்சைச் சோதித்து மது அளவறியும் முறை வந்தது. தொலைவிலிருந்து காரில் வருவோரைக் குடியால் மாத்திரம் ஈர்த்தல் அரிதாயிற்று. அடுப்பை மூட்டாத இல்லங்கள் தளர்ந்தன. 1991இல் இலண்டனில் ‘ஈகிள்’ என்னும் இல்லம் நல்லுணவை முதன்மையாக்கி வழிகாட்ட, அம்முறை நாட்டுப்புறத்துக்கும் பரவிற்று. வருவோர் பெருகினர், ஆயின் மேசைகள் யாவும் விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டமையால், ஒரு கிண்ணத்துடன் மாலைப்பொழுதைக் கழித்த ஊர்க்கிழவருக்கு இருக்கை குறைந்த இடங்களும் உண்டு. அது சிறிய இழப்பன்று. கடையும் தபாற் கந்தோரும் மூடப்பட்ட கிராமத்தில், ஊரார் கூடுதற்கு அவ்வறை ஒன்றே எஞ்சியிருக்கும்.

கம்பிரியா மாவட்டத்தின் ஹெஸ்கற் நியூமாக்கற் ஊரார் இதனை நன்குணர்ந்தனர். தம்மூரின் ‘பழைய முடி’ என்னும் இல்லத்தை 2003இற் கூட்டுறவு முறையிற் பணந்திரட்டித் தாமே வாங்கினர். 2011இன் சட்டமொன்று ஏனைய ஊர்களுக்கும் ஓரளவு இடந்தந்தது. ஊருக்குப் பயனுள்ளதெனப் பதியப்பட்ட இல்லம் விலைக்கு வருமாயின், பணந்திரட்ட ஊரார் ஆறு மாதம் வரை தவணை கேட்கலாம். அதன்பின்னும் அவர்களுக்கே விற்கவேண்டுமென்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை.