உட்கூரைப் பூச்சும் கல்நாரும்

உட்கூரையில் ஒரு விரிசல் கண்டால், அதனைச் சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு இடுவது வீட்டாரின் இயல்பு. ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் இச்சிறு வேலையே உயிருக்கு ஊறு விளைக்கக் கூடும். காரணம் அவ்வுட்கூரையின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததும் அங்கு வீட்டுத் தேவை பெருகிற்று. மரச்சட்டங்களின்மேல் சாந்து பூசி உலரவிடும் பழைய முறைக்கு நாள் மிகுதியாகப் பிடித்தது. ஆதலின், ஜிப்சம் பலகைகளை ஆணியால் அறைந்து, இணைப்புகளை மூடும் முறை பரவிற்று. அவ்விணைப்புகளை மழமழப்பாக்கத் தேர்ந்த கை வேண்டும். அக்குறையை மறைக்கவே சொரசொரப்பான பூச்சைத் தெளிக்கலாயினர். சோளப்பொரி ஒட்டியதுபோல் தோன்றியமையால் அது 'பாப்கார்ன்' எனப் பெயர் பெற்றது.

இத்தகைய பூச்சுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கலந்திருந்தது. அது தீயைத் தாங்கும், பூச்சுக்கு வலுவூட்டும், விலையும் மலிவு. அதன் தீமையோ முன்னரே தெரிந்த ஒன்று. கல்நார் ஆலையில் உழைத்து மாண்ட ஒரு பெண்ணின் நுரையீரல் நோயை மருத்துவர் குக் 1924-இல் இங்கிலாந்தில் விளக்கினார். 1931-இல் அந்நாட்டு ஆலைகளுக்கு விதிகள் வந்தன. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர்தம் குழுவினரும் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். அந்நோயாளருள் சுரங்கத்தில் உழைக்காது அதன் அருகில் வாழ்ந்தோரும் இருந்தனர்.

எனினும், சட்டம் வீட்டுக்குள் நுழையக் காலம் பிடித்தது. தீத்தடுப்புக்காகக் கல்நார் தெளிப்பதை 1973-இல் தடுத்த அமெரிக்க அரசு, அலங்காரப் பூச்சை விட்டுவிட்டது. வெடிப்பை அடைக்கும் கல்நார்ச் சாந்துக்கு 1977-இல்தான் தடை பிறந்தது. அதுவரை, பழுதுபார்க்கும் பொருளிலேயே நஞ்சு இருந்தது. அலங்காரத் தெளிப்புக்கு 1978-இல் தடை வந்தது.

தடை புதிய பூச்சைத்தான் நிறுத்தியது; பழையது தலைக்குமேல் அப்படியே நின்றது. குலையாதவரை அதனால் தீங்கு குறைவு. உலர்ந்த நிலையில் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். ஆகவே, அக்காலத்து உட்கூரையில் கை வைக்கும்முன் ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். கல்நார் இருப்பின், பயிற்சி பெற்றோரைக் கொண்டு நீக்குதல் அல்லது புதுப் பலகையால் மூடுதல் தக்கது. இல்லையேல், ஒழுக்கை அடைத்து, ஈரம் உலர்ந்தபின் தளர்ந்த பகுதியைப் பெயர்த்து, சாந்திட்டு, பழைய சொரசொரப்புக்கு ஒப்பத் தூரிகையால் ஒற்றி முடிக்கலாம்.

நோயை அறிந்ததற்கும் வீட்டைக் காத்ததற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அறிவு ஆய்வேட்டில் தங்கிவிட்டால் மக்களுக்குப் பயனில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.