மடாதிபதியின் உரிமையும் மணி ஐயர் தீர்ப்பும்

சிவாலயமும் திருமடமும் சைவ ஒழுகலாற்றிற்கு இரு கண்களாம். ஆலயத்தில் இலிங்கமும் மடத்தில் குருவும் முதன்மை பெற்று விளங்குதல் யாவரும் அறிந்ததே. ஆயின் ஆலயத்துச் சொத்தும் மடத்துச் சொத்தும் ஒரு தன்மையனவோ, மடாதிபதி அச்சொத்துக்கு உடையவரோ, அன்றித் தருமகருத்தர் போலக் கணக்கொப்புவிக்கும் காவலர் மாத்திரையோ என்னும் வினா எழுந்தபோது, ஆங்கில அரசாட்சியில் அதற்கு விடை கூறும் பொறுப்பு நீதிமன்றத்தைச் சார்ந்தது. அவ்விடையை வகுத்த நியாயாதிபதிகளுள் ஒருவர், மணி ஐயர் என வழங்கப்பெற்ற சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் ஆவர்.

இவர் 1842ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு வக்கீலாக இருந்தவர். 1868இல் சட்டப் பரீட்சையில் தேறிய மணி ஐயர், அடுத்த ஆண்டு முதல் மதுரையில் வழக்குரைக்கத் தொடங்கினார். அக்காலத்து நிலைமை ஈண்டு அறியற்பாலது. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ரெகுலேஷனால் ரெவினியூ போர்டாரின் மேற்பார்வையில் வைக்கப்பட்டிருந்த தேவஸ்தானங்களை, 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தால் அரசாங்கத்தார் கைவிட்டனர். மேற்பார்வை ஆயுட்கால உறுப்பினரைக் கொண்ட கமிட்டிகளின்பாற் சென்றது. இதன் விளைவாகக் கோயில் நிர்வாகம் பற்றிய பிணக்குகள் வழக்குகளாக மன்றேறின. மணி ஐயர் பதினைந்து ஆண்டு வழக்குரைத்த காலம் இத்தகையதாகும்.

1884இல் அவர் சென்னைச் சட்ட நிரூபண சபையில் நியமன உறுப்பினராயினார். அந்நாளில் உறுப்பினர் அனைவரும் கவர்னரால் நியமிக்கப்பட்டவரே; மசோதாக்களைப் பற்றிப் பேசுதலன்றி வரவுசெலவை ஆராயவோ அரசாங்கத்தாரை வினவவோ அவர்க்கு உரிமை இல்லை. இக்குறையை உள்ளிருந்து கண்டவராதலின், 1885இல் பம்பாயிற் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையில், சட்டசபைகளை விரிவாக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரைச் சேர்க்கவேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் வழிமொழிந்தார். நியமனத்தாற் பதவி பெற்றவரே தேர்தலை வேண்டினார் என்பது கருதத்தக்கது. 1888இல் அரசாங்க வக்கீலாகி, 1891இல் சிறிது காலம் ஹைகோர்ட்டு நியாயாதிபதியாக அமர்ந்து, முத்துசாமி ஐயர் மறைவுக்குப்பின் 1895இல் அப்பதவியில் நிலைபெற்றார். 1907இல் ஓய்வு பெறும் வரையில் தலைமை நியாயாதிபதியின் பணியையும் மும்முறை தற்காலிகமாக ஆற்றினார்.

சட்டசபையினர் சட்டம் எவ்வாறிருத்தல் வேண்டும் என ஆராய்வர். நியாயாதிபதி அஃது எவ்வாறுளது எனக் காண்பர். மடங்களைப் பற்றியோவெனின், அவற்றின் இலக்கணம் கூறும் சட்டமே அக்காலத்து இல்லை. ஆதலின் மரபையும் வழக்கத்தையும் ஆராய்ந்து துணிதலே வழியாயிற்று. 1879இல் பண்டார சந்நிதி ஒருவர் வழக்கில் இன்னிஸ் துரையும் முத்துசாமி ஐயரும், குருவைச் சுற்றிச் சீடர் கூடிய கூட்டமே மடத்தின் தோற்றம் என விளக்கியிருந்தனர். பின்னர் மாத்துவ மடம் ஒன்றைப் பற்றிய வித்தியாபூர்ண தீர்த்தர் வழக்கு மணி ஐயரும் பாஷியம் ஐயங்காரும் அமர்ந்த மன்றில் வந்தது. அதன் தீர்ப்பு 1904ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்துள்ளது.

அத்தீர்ப்பின் கருத்து வருமாறு: ஆலயத் தருமகருத்தர் தெய்வத்தின் பொருளைக் காப்பவரே, அதன் வருவாயில் தமக்கென அனுபவ உரிமை உடையரல்லர். மடாதிபதியோ அன்னரல்லர். வருவாயை மடத்தின் மரபுக்கேற்பச் செலவிடுதலில் அவர்க்கு விரிந்த உரிமையும், சொத்தில் வாழ்நாள் உரிமை போல்வதொரு பற்றும் உண்டு. எனினும், மூலப்பொருளைத் தம் விருப்பின்படி பிறர்க்கு ஈயவோ விற்கவோ அவர்க்கு அதிகாரம் இல்லை. ஏனெனின் அது பின்வரும் குருமரபினர்க்கும் உரியது. உடைமையெனக் கொள்ளின் மடம் ஒருவர் காலத்திலேயே அழியும். வெறும் காவற்றொழிலெனக் கொள்ளின் குருவின் தன்மை கணக்கரின் தன்மையாய்ச் சுருங்கும். இவ்விரண்டு கேட்டையும் விலக்கியதே அத்தீர்ப்பின் சிறப்பாம்.

இது மாத்துவ மடத்து வழக்காயினும், இதன் பயன் சைவ ஆதீனங்களையும் சார்ந்தது. 1921இல் பிரிவி கௌன்சிலார், மடாதிபதி ஆங்கிலச் சட்டம் கூறும் டிரஸ்டியாகார் என்பதனை வேறொரு வழக்கில் உறுதிப்படுத்தினர். 1925ஆம் ஆண்டின் இந்து மத அறநிலையச் சட்டமும், அதனை மீட்டியற்றிய 1927ஆம் ஆண்டுச் சட்டமும், 1951ஆம் ஆண்டுச் சட்டமும் மடங்களின்மேல் அரசாங்க மேற்பார்வையைப் பெருக்கின. உடுப்பி சிரூர் மடத்தார் தொடுத்த வழக்கில் 1954இல் சுப்ரீம் கோர்ட்டார், மடாதிபத்தியம் பதவியும் சொத்துரிமையும் விரவியது எனத் துணிந்து, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாவெனத் தள்ளினர். ஐம்பதாண்டின் பின்னரும் பழைய தீர்ப்பின் கருத்து உயிர்பெற்று நின்றது.

இனி மணி ஐயரின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. பிரமஞான சபையைச் சார்ந்திருந்த அவர், 1916இல் அன்னி பெசன்டு அம்மையார் நிறுவிய ஹோம் ரூல் சங்கத்துக்குக் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் அம்மையார் காவலில் வைக்கப்பட்டபோது, இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டி அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குக் கடிதம் விடுத்தார். அது பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கடிந்துரைக்கப்பட்டது. அதன்மேல், 1900இல் தமக்கு அளிக்கப்பட்ட சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் 1918இல் அவர் துறந்தார். 1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

வழக்குமன்றத்திலும் சட்டசபையிலும் நியாயாசனத்திலும் அமர்ந்த ஒருவர், பெருமைக்குரிய பட்டங்களைத் தம் உடைமையெனப் பற்றி நில்லாது, கொள்கைக்கு இடையூறானபோது விடுத்தனர். பதவியைத் துய்க்கலாம், அதன் முதலைக் குலைத்தலாகாது என மடாதிபதிகட்கு அவர் மன்று வரையறுத்த நெறி, பொதுப் பணியில் நிற்பார் யாவர்க்கும் பொருந்துவதேயாம்.