செங்கல் சூளையும் சங்கத் தலைவரும்: யாப் ஆ லோய் வாழ்க்கை கற்பிக்கும் பாடம்



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோலாலம்பூர் தோன்றிய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பித்தான் யாப் ஆ லோய் என்னும் பெயரைக் கூறியவுடன் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஐயா, அவரு குண்டர் கும்பல் தலைவராமே? அப்படின்னா கும்பல்ல சேர்ந்தாலும் பெரிய ஆளா வரலாம்தானே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஈரிலக்க எண் ஒன்று அழகாக வரையப்பட்டிருந்ததை முதல் நாள்தான் பார்த்திருந்தேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் மறைத்தால், மீதியையும் அவன் உண்மையென்றே நம்பிவிடுவான். ஆகவே, முழு வரலாற்றையும் சொல்லுவதே முறை என்று முடிவு செய்தேன். வகுப்பில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

யாப் ஆ லோய் 1837-ஆம் ஆண்டு தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில், ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்தவர். 1854-இல், 17 வயதில் மலாக்கா வந்து சேர்ந்தார். ஊர் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் கைப்பணத்தைச் சூதாட்டத்தில் தோற்றதால் கப்பலேற இயலாமற் போயிற்று என்பர். பின்னர் லுக்குட் ஈயச் சுரங்கத்தில் கூலியாகவும் சமையற்காரராகவும் உழைத்தார். அங்கிருந்து சுங்கை ஊஜோங் சென்று, சீனத் தலைவர்களின் போர்ப்படையில் சேர்ந்து பெயர் பெற்றார். 1862-இல் கோலாலம்பூர் வந்தார். 1868-இல் அதன் மூன்றாவது கப்பித்தான் ஆனார். சீன மக்களுக்குத் தலைவராக மலாய் ஆட்சியாளர் ஏற்றுக்கொண்ட பதவியே கப்பித்தான் பதவி.

அன்றைய கோலாலம்பூர் எப்படி இருந்தது? 1857-இல் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே அம்பாங்கிற்கு அனுப்பப்பட்ட 87 சீனத் தொழிலாளருள், ஒரு மாதத்திற்குள் உயிரோடு எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. மற்றவர்களை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அங்கே காவல் நிலையம் இல்லை, நீதிமன்றம் இல்லை, மருத்துவமனையும் இல்லை. நோயுற்றால் கஞ்சி கொடுப்பதும், இறந்தால் அடக்கம் செய்வதும், வழக்கு வந்தால் தீர்ப்பதும் இரகசியச் சங்கங்களே. கோலாலம்பூரில் யாப் ஆ லோயின் மக்கள் ஹாய் சான் சங்கத்தைச் சார்ந்தவர்கள். காஞ்சிங் பகுதியிலிருந்த பகைவர்களோ கீ ஹின் சங்கத்தவர். ஒரே ஹக்கா மொழி பேசியவர்கள்தாம். ஆயினும், ஊரும் சங்கமும் அவர்களைப் பிரித்தன.

சங்கத்தின் பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. இரத்தச் சபதம் செய்து சேர்ந்தவன், தலைவர் கைகாட்டிய இடத்தில் சண்டையிட வேண்டும். 1867-இல் தொடங்கிய கிள்ளான் போரில் இராஜா மஹ்டியும் தெங்கு கூடினும் மோதினர். யாப் ஆ லோய் தெங்கு கூடின் பக்கம் நின்றார். பகைவரின் தலையைக் கொய்து வருவோருக்குப் பரிசுப் பணம் கொடுத்தார். 1872-இல் கோலாலம்பூர் வீழ்ந்து அழிந்தது. 1873-இல் பகாங் படைகளின் துணையோடு மீட்கப்பட்டது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களே.

போருக்குப் பின் அவர் நகரை மீண்டும் எழுப்பினார். கடனில் மூழ்கியிருந்த அவரை 1879-இல் உயர்ந்த ஈய விலை காப்பாற்றியது. அவருடைய வருமானம் ஈயத்தோடு நிற்கவில்லை. அபினி, மது, சூதாட்டம், விலைமாதர் விடுதி ஆகியவற்றாலும் பணம் வந்தது. இன்று மேடான் பாசார் எனப்படும் சதுக்கத்தில் அவருடைய வீடும் சந்தையும் சூதாட்டக் கொட்டகையும் அருகருகே இருந்தன. கூலியாகக் கொடுத்த வெள்ளி அபினியாகவும் சூதாகவும் அவரிடமே திரும்பி வந்தது. பெற்றோர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன்: கும்பலின் பொருளாதாரம் என்பது இதுதான்!

ஆனால், அவர் கட்டியதையும் சொல்லத்தான் வேண்டும். 1881 சனவரியில் தீயும், அதே ஆண்டிறுதியில் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த நகரை அழித்தன. 1882-இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென வலியுறுத்தினார். யாப் ஆ லோய் பரந்த நிலமொன்றை வாங்கிச் செங்கல் சூளை அமைத்தார். அந்த நிலமே இன்று நம்மவர் திரளாகக் கூடும் பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் அங்கு இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன, தமிழர்கள் குடியேறினர், 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. சீனச் சங்கத் தலைவர் ஒருவரின் சூளை மண்ணில்தான் தீபாவளிக் கடைகளில் நம் குழந்தைகளுக்குச் சட்டை வாங்குகிறோம்.

1884-இல் ஒரு சீனப் பள்ளியைத் தொடங்கிய அவர், 1885 ஏப்ரலில் 48 வயதில் இறந்தார். அவர் காலத்தில் எழுந்த சின் சே சி யா கோயிலில் அவருக்கும் திருவுருவம் உண்டு.

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். காவல்துறை, நீதிமன்றம், மருத்துவமனை என்று அரசாங்கம் வேரூன்றிய பிறகு சங்கங்கள் என்ன ஆயின? நீரிணைக் குடியேற்றங்களில் அவற்றைத் தடை செய்யும் சட்டம் 1890-இல் நடப்புக்கு வந்தது. கடைசிக் கப்பித்தான் யாப் குவான் செங் 1902-இல் மறைந்ததோடு அப்பதவியும் முடிந்தது. அவரும், நம் தம்புசாமி பிள்ளையும், லோக் யூவும் இணைந்து பொருளுதவி செய்த விக்டோரியா கல்விக்கூடம் 1893-இல் நிறுவப்பட்டது. செல்வமும் செல்வாக்கும் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பின. ஆதரவு தந்த பணி அரசுக்குப் போனபின், சங்கத்திடம் எஞ்சியது மிரட்டலும் சூதும் அபினியுமே. இருபதாம் நூற்றாண்டின் கும்பல்கள் அந்தச் சக்கையிலிருந்து வளர்ந்தவை.

அந்தச் சீனச் சங்க மரபின் எண்களைத்தான் நம் பிள்ளைகள் இன்று தங்கள் அடையாளமாக வரைகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் கோயிலும் இழந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு யாரும் இல்லாத வெறுமை இருந்தது. அதைக் கும்பல் நிரப்பியது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்ற செய்தி நம் நெஞ்சைச் சுட்டது.

ஆகவே, அம்மாணவனிடம் இவ்வாறு சொன்னேன்: "தம்பி, அவர் சங்கத்தில் இருந்தார் என்பது உண்மை. அன்று அந்தக் காட்டில் வேறு கதவு இல்லை. உனக்கு இந்தப் பள்ளியின் கதவு திறந்திருக்கிறது. அவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர்தான் கப்பித்தான் ஆனார். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசி."

அவன் அந்த எண்ணை அழிக்கவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து, "ஐயா, அந்தச் சண்டையில செத்தவங்க பேரெல்லாம் எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"எங்கேயும் இல்லை" என்றேன். பேசாமல் போய் அமர்ந்தான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! "கும்பலில் சேராதே" என்னும் அறிவுரை மட்டும் போதாது. கும்பல் தருவதாகச் சொல்லும் அரவணைப்பையும் மதிப்பையும் வீட்டிலும் பள்ளியிலும் நாம் கொடுக்கிறோமா? பயிற்சிப் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருத்தும்போது பின்னட்டையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எண் ஏதும் இருந்தால், அடிப்பதற்கு முன்பு அருகில் அமர்ந்து பேசுங்கள்.