பனை மேட்டிலிருந்து காப்பி மலைக்கு: நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தின் இடப்பெயர்வு

நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களின் சிற்றூர்ப் பெயர்கள் பல ‘விளை’ என்று முடிகின்றன. மேட்டுப்பாங்கான புன்செய்த் தோட்டத்தைக் குறிக்கும் இச்சொல் கேரளத்தின் அமரவிளையிலும் இஞ்சிவிளையிலும், தமிழ்நாட்டின் களியக்காவிளையிலும் ஒரே பொருளோடு நிற்கிறது. பாறசாலைக்கு அருகிலுள்ள கொல்லயிலும் இதே நிலப்பரப்பைச் சேர்ந்ததுதான். ஏலா என்று அவ்வூரார் அழைக்கும் தாழ்ந்த வயல்களில் நெல்லும், மேட்டில் பனையும் தென்னையும் வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், நிலம் பெரும்பாலும் அரசிடமும் உயர்சாதி உடைமையாளரிடமும் கோயில்களிடமும் இருக்க, பனையேறும் உழைப்பு நாடார் குடிகளிடமும், சேற்றில் இறங்கும் உழைப்பு 1855 வரை சட்டப்படியே அடிமைகளாக இருந்த புலையர், பறையர் குடிகளிடமும் இருந்தது.

பனையேற்றின் கடுமையை அறியாமல் இம்மக்களின் இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள இயலாது. அண்டைச் சீமையான திருநெல்வேலியைப் பற்றி 1849இல் எழுதிய ராபர்ட் கால்டுவெல், பனையேறி ஒருவர் நாள்தோறும் 30 முதல் 50 மரங்கள் வரை, ஒவ்வொன்றிலும் இருமுறை ஏறி இறங்கியதாகக் குறிப்பிடுகிறார். காலில் நார்த்தளை மாட்டி, இடுப்பில் பாளை சீவும் அரிவாளோடு ஏறும் அவர், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஊறிய அக்கானியை, அதாவது பதநீரை, இறக்கிக் கொடுக்க, வீட்டுப் பெண்கள் விறகுக்கு அலைந்து, அடுப்படியில் வெந்து, அதைக் கம்பிப்பதம் வரக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்கினர். மழை தொடங்கினால் ஏற்று நின்றுவிடும். பிறகு வரும் மாதங்கள் கடனிலும் அரைவயிற்றிலும் கழிந்தன. இதற்கு மேல், கூலியின்றி அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலையான ஊழியமும் இருந்தது.

இலங்கை மலைநாட்டில் 1830களுக்குப் பின் பரவிய காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் பருவம் ஏறத்தாழ ஆகஸ்டில் தொடங்கியதால், பனையேற்று ஓய்ந்த மாதங்களும் காப்பிக்கு ஆள் தேவைப்பட்ட மாதங்களும் ஒன்றோடொன்று பொருந்தின. பஞ்சமும் சேர்ந்துகொண்ட ஆண்டுகளில், தொழிலாளரைத் திரட்டி அழைத்துச் செல்லும் கங்காணிகளின் பின்னே தென் திருவிதாங்கூர்க் குடும்பங்களும் கடல் கடந்தன. சென்றவர் அனைவரும் மீளவில்லை. ஆனால் மீண்டவர் கையில் நிலவுடைமையாளரின் தயவைச் சாராத ரொக்கம் இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக 1820களிலிருந்து நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859இல் அரசப் பிரகடனத்தில் முடிந்தபோது, அதன் பின்னே லண்டன் மிஷனின் பள்ளிகளும் மனுக்களும் இருந்தன என்பது பலமுறை எழுதப்பட்டுள்ளது. அக்கரையில் ஈட்டிய கூலியும் அப்போராட்டத்தின் துணிவுக்கு வலுவூட்டியது என்பது அதே அழுத்தத்தோடு எழுதப்பட வேண்டியதாகும்.

இந்த விடுதலைக்கு மலை ஒரு விலை கொடுத்தது. காப்பி நட வேண்டுமானால் காடு வெட்டப்பட வேண்டும். இலங்கையின் மலைநாட்டில் வாழ்ந்த யானைகள் ஒருபுறம் வாழிடத்தை இழந்தன, மறுபுறம் துப்பாக்கிக்கு இரையாயின. 1845இல் இடி தாக்கி இறந்த மேஜர் ராஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மட்டுமே 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இன்று இலங்கை யானைகளில் பெரும்பாலானவை வறண்ட தாழ்நிலத்தில் வாழ்வதற்கு அந்த நூற்றாண்டின் காடழிப்பும் வேட்டையும் முக்கியக் காரணங்கள். பட்டினியால் பெயர்ந்த மனிதரின் கோடரியும் விலங்குகளைப் பெயர்த்தது என்றாலும், அக்கோடரியைக் கையில் கொடுத்தவர் தோட்ட முதலாளிகள் என்பதை மறந்துவிட்டு உழைப்பாளர் மீது பழி சுமத்துவது நேர்மையாகாது.

1860களில் திருவிதாங்கூரின் மலைகளும் காப்பிக்குத் திறந்துவிடப்பட்டன. அரசு நிலத்தின் குத்தகையாளருக்கு உடைமை உரிமை வழங்கிய பண்டாரப்பாட்ட விளம்பரம் 1865இல் வெளியானது. அக்காலத்திலேயே காட்டுநிலம் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டும் வந்தது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் காப்பியை வீழ்த்தியபின் தேயிலையும், அடுத்த நூற்றாண்டில் ரப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. நெய்யாறு பிறக்கும் அகத்திய மலையின் அடிவாரத்திலும் குடியேறியவர்களின் ஊர்கள் உருவாயின. அவற்றுள் ஒன்றான அம்பூரியில் 2001 நவம்பர் 9 அன்று நேர்ந்த நிலச்சரிவு ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, யாரும் இடம்பெயராமலே உறவினர் இரண்டு மாநிலத்தவராயினர். விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைய, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் இப்பகுதிப் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாகப் பிரிந்தது. தாத்தா தமிழிலும் பேரன் மலையாளத்திலும் செபிக்கும் குடும்பங்கள் எல்லையின் கேரளப் பக்கத்தில் உருவானதற்கு இப்பிரிவுகளும் பள்ளிமொழியும் காரணங்கள். ஆற்று நீரும் இப்பிரிவுக்குத் தப்பவில்லை: நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர் 2004இல் நிறுத்தப்பட்டது.

அணைக்கு மேலுள்ள காடு 1958இல் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. ஆனால் காட்டை ஒட்டிய மரச்சீனித் தோட்டங்களில் இரவில் கிழங்கைக் கிளறிச் செல்லும் காட்டுப்பன்றி, இன்று கேரள உழவரின் தீராத் தொல்லையாகிவிட்டது. 2022இல் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கே வழங்கியது.