ஏலச்செடி எவருடையது? — போடி மலைச்சரிவில் அறிவுசார் சொத்துரிமையும் மனித உரிமையும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே போடிமெட்டைக் கடந்ததும் விரியும் ஏலமலைகள் ஒருகாலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தன. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது அவை கேரளத்தின் பகுதியாயின. எனினும் அக்காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்டவர்களில் பலர் மதுரைச் சீமையினின்று, குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கினின்று, மலையேறிய தமிழ்க்குடிகளே. அறிவுசார் சொத்துரிமை என்பது அண்மைக்காலத்துச் சொல். ஆனால் ஒரு செடியின் பயனைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள எவருக்கு உரிமையுண்டு என்னும் வினா இம்மலைகளுக்குப் புதிதன்று.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பண்டமாயிருந்தது. பயிரிட்ட குடிகள் விளைச்சலைச் சர்க்காரிடம் ஒப்புவிக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியே அவர்களுக்குக் கிடைக்கும். காய்கள் ஆலப்புழைப் பண்டகசாலைக்குச் சென்று அங்கு விற்கப்பட்டன. தன் கையால் விளைவித்ததைத் தானே மலையிறக்கிக் கிழக்கே விற்றவன் கள்ளக்கடத்தல்காரன் எனப்பட்டான். அந்நூற்றாண்டின் இறுதியில் தனியுரிமை நீங்கி நிலவரி வந்தது. ஆயினும் ஆலப்புழையின் பெயர் நிலைத்துவிட்டது. நறுமணப் பொருள் வாரியம் புவிசார் குறியீடு பெற்றபோது ‘ஆலப்புழை பச்சை ஏலக்காய்’ என்றே பதிவாயிற்று. துறைமுகத்தின் பெயர் சட்டத்தில் ஏறியது. காய் விளைந்த மலையின் பெயரோ, அது ஏலம் விடப்படும் போடியின் பெயரோ ஏறவில்லை.

1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 27-ஆம் உறுப்பில் இரண்டு உரிமைகளை அடுத்தடுத்து வைக்கிறது. அறிவியல் முன்னேற்றத்திலும் அதன் நன்மைகளிலும் பங்குபெறுதல் யாவர்க்கும் உரியது என்பது ஒன்று. ஒருவரது அறிவியல், இலக்கிய, கலைப் படைப்பினின்று எழும் நலன்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே சொத்துரிமை ஒருபுறமும் மனித உரிமை மறுபுறமும் நின்று பொருதுகின்றன என்று எளிதாகக் கூறிவிடுதல் பொருந்தாது. பிளவு மனித உரிமைகளுக்குள்ளேயே இருக்கிறது.

இதனை ஞள்ளானியின் வரலாறு நன்கு விளக்கும். கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் உழவர், 1980-களின் பிற்பகுதியில், தம் தோட்டத்துச் செடிகளில் சிறந்தவற்றைக் கூர்ந்து நோக்கித் தெரிந்தெடுத்தார். விதையினால் பெருக்கினால் தாயின் இயல்பு சிதறிப்போகும். ஆதலால் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு அவ்வியல்பைக் காத்தார். அவரது குடும்பப் பெயரே அவ்வகைக்கும் பெயராயிற்று. ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ கிடைத்த இடத்தில் ஆயிரத்தைத் தாண்டிய விளைச்சல் சாத்தியமாயிற்று. மலையின் பெரும்பகுதியை ஞள்ளானி நிறைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கன்று கிடைத்தால் சில ஆண்டுகளில் ஒரு தோட்டமே உண்டாகும். தடுப்பார் எவருமில்லை, தடுக்கச் சட்டமும் இல்லை. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வேளாண்முறைகளை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது.

நன்மை மலைமுழுதும் பரவிற்று. பிரகடனத்தின் முதல் உரிமை நிறைவேறியது எனலாம். இரண்டாவது நிறைவேறவில்லை. அவருக்குப் பாராட்டும் விருதும் கிடைத்தன. கன்று நட்டவர்களிடமிருந்து உரிமத்தொகை ஏதும் கிடைக்கவில்லை. இதனைக் கண்டு, கன்றுகளுக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. என் கருத்து அதுவன்று. பூட்டியிருந்தால் அரை ஏக்கர் உழவனுக்கு அது எட்டியிராது. ஆனால் பொதுநலத்தின் பெயரால் ஒருவரது உழைப்பை விலையின்றிப் பெற்றுக்கொள்வதும் நீதி ஆகாது. பொதுநிதியிலிருந்து அவருக்கு ஒரு பங்கு தந்திருக்கலாம்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதிலும் 27-ஆம் உறுப்பே தாவர வகைகளைப் பற்றிப் பேசுகிறது என்பது ஒரு விந்தையான ஒற்றுமை. காப்புரிமையாலோ தனிச்சட்டத்தாலோ அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றது அது. இந்தியா இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டு, 2001-இல் தாவர வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. அதன் 39-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட வகையாயினும் உழவர் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் இடமளிக்கிறது. வணிகப்பெயர் இட்டு விற்றல் மட்டும் விலக்கு. உழவர் உருவாக்கிய வகையையும் பதிவு செய்யலாம். இச்சட்டம் ஞள்ளானி மலைமுழுதும் பரவிய பின்னரே வந்தது.

சட்டத்தின் உறுதி 2019-இல் சோதிக்கப்பட்டது. தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு வகையைப் பயிரிட்டார்கள் என்று குஜராத் உழவர்கள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்து, சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கோரிற்று. எதிர்ப்பு எழவே வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அப்பதிவை 2021-இல் ஆணையம் நீக்கியது; 2024-இல் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு அந்நீக்கத்தைத் தள்ளியது. உரிமை ஏட்டில் இருந்தும், கோடிக்கணக்கில் கோரும் நோட்டீசு வந்தால் சிற்றுழவன் அஞ்சவே செய்வான். ஆதியாகமம் 47-ஆம் அதிகாரத்தில் நிலத்தையும் தம்மையும் விற்றுவிட்ட எகிப்தியக் குடிகளுக்கு யோசேப்பு விதை கொடுத்து, விளைவில் ஐந்திலொன்றைப் பார்வோனுக்கு விதிக்கிறான். பசியினின்று காத்தவன் என்றே அவனைப் பிரசங்கிக்கிறோம். விதைக்கு அவன் வைத்த விலையைக் குறித்து அதிகம் பேசுவதில்லை.

2001-ஆம் ஆண்டின் சட்டத்தில் 41-ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. ஒரு வகை உருவாவதில் ஒரு கிராமத்து அல்லது வட்டாரச் சமுதாயத்து மக்களின் பங்கு இருப்பின், அவர்கள் சார்பில் எவரும் உரிமை கோரலாம்; ஈட்டுத்தொகை தேசிய மரபணு நிதி வழியாகச் சேரும். வீரியமான தட்டை எது, காய் திரண்ட சரம் எது என்பதை ஆண்டுதோறும் கையால் தொட்டு அறிபவர்கள் காய் பறிக்கும் பெண்கள். அவர்களில் பலர் விடியுமுன் போடிப் பகுதியில் ஜீப் ஏறி, மாநில எல்லையைக் கடந்து வேலை செய்து, இருட்டும்போது திரும்புகிறவர்கள். உறங்குவது தமிழ்நாட்டில், அறிவு பயன்படுவது கேரளத்தில். தோட்டமும் அவர்களுடையதன்று. 41-ஆம் பிரிவின்படி அவர்களை எந்தக் கிராமத்தார் என்று எழுதுவது?