அங்கணத் தண்ணியும் கொல்லை வாழையும்



வீட்டில் புழங்கின தண்ணியைக் கொல்லைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது நமக்குப் புது விஷயம் இல்லை. அங்கணத்துத் தண்ணி சலதாரை வழியாப் போய் வாழைக்கும் சேம்புக்கும் பாய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அன்றைய தண்ணி வேறு, இன்றைய தண்ணி வேறு. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்தில் பாத்திரம் துலக்கச் சாம்பலும் புளியும். தலைக்குச் சீயக்காய், அரப்பு. துணி துவைப்பது பெரும்பாலும் ஆற்றிலோ குளத்திலோதான். ஆகவே கொல்லைக்கு வந்தது கழுநீரும் கஞ்சியும் சாம்பலும் கலந்த தண்ணி. வாழை அதைக் குடித்துக் குலை தள்ளியது.

அழுக்குத் தண்ணியை மண் எப்படிச் சுத்தம் பண்ணுகிறது? இது பிரான்சு நாட்டில் தெரிய வந்தது. பாரிஸ் நகரத்துச் சாக்கடைத் தண்ணியை 1869 முதல் பக்கத்து ஊரான ஜென்னவில்லியேயில் பாய்ச்சிக் காய்கறி பயிரிட்டார்கள். 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, சாக்கடைத் தண்ணியை மெதுவாக விட்டார்கள். முதல் 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் தண்ணியிலிருந்த அம்மோனியா, பயிருக்கு உகந்த நைட்ரேட்டாக மாறியது. குளோரோபாம் ஆவியை உள்ளே விட்டதும் மாற்றம் நின்றுபோச்சு. வேலை செய்தது வெறும் மணல் இல்லை, அதில் குடியேறிய நுண்ணுயிர்கள் என்று அப்போது விளங்கியது. அந்த உயிர்களுக்குக் காற்று வேணும். எந்நேரமும் ஈரமாகவே கிடந்தால் மண் மூச்சு முட்டும். நாத்தமும் கொசுவும்தான் மிச்சம்.

பிறகு நம்ம நாட்டில் சலவைத்தூள் வந்தது. 1959-ல் சர்ப், 1969-ல் நிர்மா. துவைக்கிற வேலையும் வீட்டுக்குள் வந்தது. சலவைத்தூளில் சோடிய உப்பு அதிகம். களர் நிலம் எப்படி இறுகிப்போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் செய்வதும் இந்தச் சோடியம்தான். நுண்ணுயிர் அழுக்கைத் தின்னும். சோடியத்தை அதால் தின்ன முடியாது.

2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இதில் பெரும்பகுதி புழங்கின தண்ணியாகத் திரும்பி வரும். தெருவில் விட்டால் சாக்கடை, தோட்டத்தில் விட்டால் காய்கறி.

அதற்கு என்ன செய்யணும்? முதலில் ஒரு சிறு தொட்டியில் எண்ணெயும் எச்சமும் தங்கட்டும். அடுத்து ஜல்லியும் மணலும் போட்ட குழியில் தண்ணி வடியட்டும். ஒரே பாத்தியில் விடாமல் இரண்டு பாத்திக்கு மாற்றி மாற்றி விடுங்கள், ஒன்று காயட்டும். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்த முதல் தண்ணியைத் தனியாகக் கழித்துவிடுங்கள். மண் இறுகினால் ஜிப்சம் போட்டு நல்ல தண்ணி பாய்ச்சுங்கள். கக்கூஸ் தண்ணியும் குழந்தைத் துணி அலசின தண்ணியும் கூடவே கூடாது. வடிந்த தண்ணியை ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள். வாழை, தென்னை, முருங்கைக்கு விடலாம்; பச்சையாகத் தின்கிற வெள்ளரி, கொத்தமல்லிக்கு வேண்டாம்.

முன்னோர் வெட்டின சலதாரை சரியான வழிதான். இன்றைய தண்ணிக்கு நடுவில் ஒரு தொட்டியும் ஒரு குழியும் சேர்த்தால் போதும்.