நோட்டீஸ் ஒட்டாமல் மூடப்பட்டவை

ஓசூர் சிப்காட்டில் ஒரு பெரிய ஆலையை மூட வேண்டுமென்றால் முதலாளி தொண்ணூறு நாளைக்கு முன்பே அரசிடம் அனுமதி கேட்டாக வேண்டும். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தொழில் தகராறு சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. முதலில் 300 பேர் வேலை செய்யும் ஆலைகளுக்கு என்றிருந்தது. மூடல் பற்றிய பிரிவு செல்லாதென்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் திருத்தி எழுதி 1984இலிருந்து 100 பேர் உள்ள ஆலைகளுக்கும் விரித்தார்கள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதை மறுபடி 300க்கே கொண்டுபோய் விட்டது. இந்தச் சட்டம் நடைமுறையில் எவ்வளவு கிழித்தது என்பது ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். என்றாலும் அதற்குள் ஒரு கருத்து இருக்கிறது. மூடுவது மூடுகிறவனின் சொந்த விவகாரம் இல்லை; அங்கே உழைத்தவனுக்குச் சொல்லியாக வேண்டும், கணக்குத் தீர்க்க வேண்டும். ஒரு வருஷ சர்வீசுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று அந்தக் கணக்குக்கு ஒரு வாய்ப்பாடும் உண்டு.

தமிழ்ச் சிறுபத்திரிகை வரலாற்றுக்குள் இந்தக் கருத்து எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சிறுபத்திரிகை மூடப்படுவதில்லை, 'வருவதில்லை'. பழைய தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் கவனித்திருக்கலாம்: கடைசி இதழுக்குத் தான் கடைசி இதழ் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்காது. தொடர் கட்டுரையின் அடியில் 'வளரும்' என்றிருக்கும். பின்னட்டையில் அடுத்த சிறப்பிதழுக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்பு. சந்தா புதுப்பிக்கச் சொல்லி ஒரு கட்டம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பை நம்பி எழுதி அனுப்பியவன் என்ன ஆனான்? மணியார்டர் கூப்பனில் நாலு வரி எழுதி ஆண்டுச் சந்தா கட்டியவன் எத்தனை மாதம் தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்? 'தமிழில் சிறு பத்திரிகைகள்' நூலில் வல்லிக்கண்ணன் போட்ட உழைப்பு இல்லாவிட்டால் பல பத்திரிகைகளின் பெயர்களே மிஞ்சியிருக்காது. ஆனால் அந்த மரபில் வந்த கதையாடல்கள் எல்லாவற்றிலும் பத்திரிகையே கதாநாயகன். அனுப்பிவிட்டுக் காத்திருந்தவனுக்கு அங்கே வேஷமே இல்லை.

இதற்கு அடிப்படையாக இருப்பது அற்பாயுசைப் பெருமையாக்கிய ஒரு சொல்லாடல். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கும்போதே சி.சு. செல்லப்பா இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். (அந்த எல்லையைத் தொட்டுவிடுமோ என்ற கவலை அவருக்குக் கடைசிவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.) 1968இல் மாத இதழ் காலாண்டிதழாகச் சுருங்கியது, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. பதினோரு வருஷம். மனுஷர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. அந்த அலைச்சலிலிருந்து ஒரு தியாக பிம்பம் உருவாகி, பின்னால் வந்த எல்லா ஆசிரியர்களுக்கும் சட்டைபோல் மாட்டிவிடப்பட்டது. எட்டு இதழ் போட்டு நிறுத்தியவரும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டார். தியாகம் என்ற சொல் வந்து உட்கார்ந்ததும் கணக்குக் கேட்பது அநாகரிகமாகிவிடுகிறது. வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்து இதழ் போட்டவரிடம் போய் 'என் கதை என்னாச்சு சார்' என்று எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதன் விலை என்ன என்பதற்கு ஒரு பழைய உதாரணம். மௌனியின் கதைகள் 1936இலிருந்து மணிக்கொடியில் வந்தன. முப்பதுகளின் இறுதியில் மணிக்கொடி நின்றது. அதன்பின் நீண்ட மௌனம். 1948இல் எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த 'தேனீ'யில் மறுபடி எழுதுகிறார். தேனீயும் நீடிக்கவில்லை. கடைசிக் கதை 1971இல் கசடதபறவில். மொத்தமே 24 கதைகள். அவர் குறைவாக எழுதியதை நம் விமர்சகர்கள் அவருடைய மனத்துக்குள்ளேயே தேடினார்கள்: மொழியோடு மல்லுக்கட்டல், சொல்ல முடியாததைச் சொல்லும் வேதனை, இத்தியாதி. இருக்கலாம். ஆனால் கதைகளின் தேதிகளையும் பத்திரிகைகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரிகை இருக்கும்போது கதை இருக்கிறது. அது போனால் இதுவும் போகிறது. ஒரு எழுத்தாளனின் மௌனத்தை ஆன்மிகமாக வாசிக்கிறோம். அதில் எத்தனை பங்கு அச்சுக்கூட பாக்கி, எத்தனை பங்கு காகித விலை என்று பிரித்துப் பார்க்க நமக்கு வாய்ப்பாடு இல்லை.

நின்றதற்கான காரணங்கள் எல்லாம் ஒன்றில்லைதான். 1910இல் பாரதியின் 'இந்தியா' நின்றபோது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாதபடி வழியை அடைத்தது அரசு. கு.ப. ராஜகோபாலன் 'கிராம ஊழியன்' ஆசிரியராக இருக்கும்போதே 1944இல் இறந்தார். துறையூரில் வல்லிக்கண்ணன் அந்தச் சுமையை 1947வரை தூக்கினார். கோமல் சுவாமிநாதன் 1995இல் மறைய, நாலு வருஷமாக ஆயிரக்கணக்கானோர் படித்துவந்த 'சுபமங்களா'வும் கூடவே போயிற்று. சாவையும் தடையையும் குற்றம் சொல்ல முடியாது. நான் பேசுவது வேறு வகை முடிவைப் பற்றி: ஆசிரியர் நலமாக இருக்கிறார், கூட்டங்களுக்கு வருகிறார், பத்திரிகை மட்டும் எங்கே என்று தெரியாது.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1867ஆம் வருஷத்து அச்சகப் பதிவுச் சட்டப்படி, ஒரு பத்திரிகை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிவராமல் போனால் அதன் பிரகடனம் காலாவதி. அரசாங்கத்துக்குத் தெரிந்த மரணச் சான்றிதழ் அதுதான். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டம் 2024 மார்ச்சில் அமலாயிற்று. ஆனால் நம் பத்திரிகைகளில் பெரும்பகுதி 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டுக்கொண்டு இந்தச் சட்டங்களின் கண்ணிலேயே படாமல் வந்தவை. மாஜிஸ்திரேட் முன் பிரகடனம் வேண்டாம், பெயருக்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, பதிவு பெற்ற பத்திரிகைக்கான சலுகைத் தபால் கட்டணம் கிடையாது. ஓரம் திறந்த உறையில் புக்போஸ்டாகப் போக வேண்டும். இன்னொரு விலையும் உண்டு. பதிவாகாத பிறப்புக்கு இறப்பும் பதிவாகாது.

இனி இந்த எல்லைப்புறத்துக்கு வருவோம். எண்பதுகளில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபெட், டைட்டன் என்று வரிசையாக வந்தபோது ஓசூருக்கு வெளியூர்ப் பையன்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து இறங்கினார்கள். சந்தையில் தெலுங்கும் கன்னடமும், கேன்டீனில் ஐந்து ஜில்லாத் தமிழும். அவர்களில் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். கடையில் கிடைக்கிற பத்திரிகைகளில் இவர்களுடைய எழுத்துக்கு இடமில்லை. இடம் தரக்கூடிய பத்திரிகைகள் கடையில் கிடைக்காது. தபால்தான் ஒரே பாலம். சென்னைக்காரன் திருவல்லிக்கேணியில் ஆசிரியரை நேரில் பார்த்து 'படிச்சீங்களா' என்று கேட்டுவிடலாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பதில் வராமை எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை. மையத்தில் இருப்பவனுக்கு அது வெறும் தாமதம். விளிம்பில் இருப்பவனுக்கு அது தீர்ப்பு.

பக்கத்தில் பெங்களூர் இருந்தது, நாற்பது கிலோமீட்டர். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் தமிழவனும் நண்பர்களும் அங்கிருந்து 'படிகள்' கொண்டுவந்தார்கள். அமைப்பியலை இங்கே பேச வைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. தெற்கே சேலத்துப் பக்கம் சி. மணி முன்நின்று நடத்திய 'நடை' எட்டு இதழ்களோடு 1970இலேயே முடிந்திருந்தது. படிகளும் நின்றது. பின்னால் காவேரிப்பட்டணத்திலிருந்து மனோன்மணியின் 'புது எழுத்து', ஓசூரிலிருந்தே ஆதவன் தீட்சண்யாவின் 'புதுவிசை' என்று பத்திரிகை முகவரிகள் இந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தன. சிறியதாகத் தோன்றினாலும் பெரிய மாற்றம் இது. கையெழுத்துப் பிரதி போகும் திசை முதல்முறையாகத் திரும்பியது.

முகவரி இங்கே வந்ததும் பதில் வராத கடிதத்தின் மறுபக்கமும் தெரிய வந்தது. எந்தச் சிறுபத்திரிகையானாலும் அநேகமாக ஒரே ஆள்தான். படிப்பது, மெய்ப்பு திருத்துவது, அச்சகத்தில் கடன் சொல்வது, உறையில் முகவரி ஒட்டுவது, தபால் ஆபீஸ் வரிசையில் நிற்பது எல்லாம் அவரே. சிட்கோ ஷெட்டில் ரெண்டு லேத் போட்டுக்கொண்டு, பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரரை எனக்கு நினைவுவரும். முதலாளியும் அவரே, ஆப்பரேட்டரும் அவரே. ஆர்டர் வராத மாதம் பட்டறையில் பூட்டு தொங்கும். நோட்டீஸ் எதுவும் இருக்காது. 300 பேர் சட்டம் இவரைத் தொடாது. ஆனால் அந்த ஷெட்டில் வேலை செய்த ஒரு பையனுக்கு வரவேண்டிய கூலி, ஷெட் சின்னது என்பதால் இல்லாமல் போய்விடுமா? என் கட்டுரை ஒன்று, கையெழுத்தில் முப்பது பக்கம், இப்படி ஒரு பத்திரிகையோடு அடங்கிப்போனது. பெயர் வேண்டாம். நான் கேட்டு எழுதிய ரெண்டு கார்டுக்கும் பதிலில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. கணக்கு மட்டும் நிற்கிறது.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. எழுதுகிறவரும் ஆசிரியர், பத்திரிகை நடத்துகிறவரும் ஆசிரியர், பள்ளியில் பிரம்பு வைத்திருப்பவரும் ஆசிரியர். ரோலான் பார்த் 1967இல் எழுதியதை நம் பத்திரிகைகள் பின்னால் 'ஆசிரியனின் மரணம்' என்று கொண்டாடியபோது செத்தது முதலாமவர் மட்டுமே. பிரதியின்மேல் படைத்தவனுக்கு அதிகாரமில்லை என்று கட்டுரை போட்ட அதே இதழ்களில், எந்தப் பிரதி அச்சேறும், எது மேஜை டிராயரில் கிடக்கும் என்கிற அதிகாரம் கேள்வியே இல்லாமல் இரண்டாமவரிடம் இருந்தது. மூன்றாமவரின் பிரம்பும் சில சமயம் தெரிந்தது. பூக்கோவைப் படித்த நாம் சிறைச்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் அதிகாரத்தின் நுண்செயலைப் பார்த்தோம். மேஜை டிராயரில் பார்க்கவில்லை. மறுப்பு என்றாலும் அது ஒரு உரையாடல். 'போட முடியாது, இன்ன காரணம்' என்று கார்டு வந்தால் சண்டை போடலாம், வேறு இடத்துக்கு அனுப்பலாம். மௌனத்தோடு சண்டை போட முடியாது. பெண்களும் தலித்துகளும் இந்த மௌனத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' மதுரையில் ஐடியாஸ் வெளியிட்ட நூலாகவே வந்தது. எந்தப் பத்திரிகை ஆசிரியரின் சிபாரிசும் அதற்குத் தேவைப்படவில்லை.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இலிருந்து அச்சில் வந்ததைக் காப்பாற்றித் தருகிறது. பெரிய காரியம். ஆனால் அச்சுக்கு வராததற்கு ஆவணக்காப்பகம் கிடையாது. ஆகவே நம்முடைய சிறுபத்திரிகை வரலாறு என்பது உள்ளே விடப்பட்டவர்களின் வரலாறு. ஜெராக்ஸ் தெருவுக்கு வருவதற்கு முன் கதையின் ஒரே பிரதியை அனுப்பியவர்கள் எத்தனை பேர்! பத்திரிகை நின்றபோது அந்தப் பிரதிகள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து எடைக்குப் போயின.

எல்லைக்கு அந்தப் பக்கம் பி. லங்கேஷ் 1980இல் தொடங்கிய 'லங்கேஷ் பத்ரிகெ' விளம்பரமே வாங்காமல் விற்பனையிலேயே ஓடியது. 2000இல் அவர் இறந்தபின்னும் அவர் பிள்ளைகள் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் சலூனில் இருந்தபடி தொடங்கிய 'மல்லிகை'யைத் தானே கையில் எடுத்துப்போய்த் தெருவில் விற்றார்; போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே 401 இதழ்கள், 2012வரை. இரண்டுமே வாசகனை எதிரே வைத்துக்கொண்டு நடந்தவை. காசு கொடுத்து வாங்குகிறவனை நேருக்கு நேர் பார்க்கும் பத்திரிகைக்கு பதில் சொல்லாமல் இருப்பது கடினம். வாசகன் குறைவாக இருப்பதையே தகுதியாக்கிக்கொண்ட நம் மரபுக்கு அந்த நிர்ப்பந்தம் வரவில்லை.

இப்போது தபாலே நம்மைக் கைவிட்டுவிட்டது. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டுக்குள் கரைந்தது. முதலாவதற்கு முன்கூட்டிப் பெரிதாக யாரும் சொல்லவில்லை. கட்டுரையை இன்று மின்னஞ்சலில் அனுப்புகிறோம், வாட்ஸப்பில் ஞாபகப்படுத்துகிறோம். ரெண்டு நீலக் குறி விழுகிறது: படித்தாயிற்று. பதில் இல்லை. முன்பு தபால்காரர்மேல் சந்தேகப்படும் ஆறுதலாவது இருந்தது.

ஆசிரியர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வந்ததை வந்தது என்று சொல்வது. மூன்று மாதத்தில் 'போடுகிறோம்', 'போடவில்லை' என்று ஒரு வரி. நிறுத்துவதென்று மனசுக்குள் முடிவாகிவிட்டால் அதைச் சொல்லி ஒரு கடிதம். கையில் கிடக்கும் பிரதிகளின் பட்டியலும் மிச்சச் சந்தாக் கணக்கும் அதோடு. எழுதுகிறவர்கள் பக்கமும் ஒன்று செய்யலாம். எந்தக் கட்டுரை, எந்தப் பத்திரிகைக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் எழுதி, பதில் வராமல் பன்னிரண்டு மாதம் ஆனதை, சட்டம் பத்திரிகைக்கு வைத்த அதே கெடுவை, நண்பர்கள் கூடும் இடத்தில் வாசித்துவிட்டு வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம். யாரையும் தூற்ற வேண்டியதில்லை. தலைப்பு, தேதி, பக்க எண்ணிக்கை போதும்.